சிறுவர் நூல்களைக் கழிக்கும் முன் எங்களையும் கேளுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பொது நூலகங்களை நடத்திவரும் மாநகர, நகர, பிரதேச சபைகளின் முதல்வர்களுக்கும் தவிசாளர்களுக்கும், அந்நூலகங்களின் நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பொறுப்பிலுள்ள நூலகங்களில் ஆண்டுதோறும் இருப்புக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. பதிவேட்டிலுள்ள இலக்கங்களை இறாக்கைகளிலுள்ள நூல்களோடு ஒப்பிட்டு, காணாமற்போனவை, கிழிந்தவை, பூச்சி அரித்தவை, நெடுநாளாக எவரும் எடுக்காதவை என்று பட்டியலிட்டு, சபையின் அனுமதியைப் பெற்று ஒரு பகுதியைக் கழித்து விடுகிறீர்கள். இடமும் ஆளணியும் போதாத நூலகங்களுக்கு இது தவிர்க்க முடியாத வேலை. புதிய நூல் வர வேண்டுமானால் பழையது இடம்விட்டாக வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் அந்தப் பட்டியலில் முதலில் ஏறுபவை பெரும்பாலும் சிறுவர் பகுதியின் பழைய நூல்களே என்பதை, ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று இப்போது நூலகங்களிலேயே பொழுதைக் கழிக்கும் ஒருத்தியாகக் கவனித்து வருகிறேன். அவற்றுள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியையேனும் கழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும் என்றும், சிறுபிள்ளைகளாக அவற்றை வாசித்தவர்கள் வளர்ந்தபின் மீண்டும் வாசிப்பதற்கு உங்கள் நூலகத்தில் ஒரு வழி இருக்க வேண்டும் என்றும் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

சிறுவர் நூல்கள் விரைவில் கழிவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பல கைகள் பட்டவை. எச்சில் தொட்டுப் புரட்டப்பட்டவை. படங்களில் மீசை வரையப்பட்டவை. ஆனால் கிழியாமல் முழுதாக இருக்கும் நூல்களும் “எவரும் எடுப்பதில்லை” என்ற காரணத்தால் கழிக்கப்படுகின்றன. எவரும் எடுப்பதில்லை என்பது உண்மைதான். வழுவழுப்பான கடதாசியில் வண்ணப்படங்களோடு வரும் நூல் பக்கத்தில் இருக்கும்போது, பழுப்பேறிய பக்கங்களில் பொடியெழுத்தில் அச்சிட்ட ஒன்றை இன்றைய பிள்ளை ஏன் எடுக்க வேண்டும்? எடுக்க விரும்புகிறவர்கள் நாங்கள். எங்களுக்கோ அனுமதி இல்லை. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நூலகத்தில், சிறுவர் பகுதியில் நான் தேடிப்பிடித்த நூலை இரவல் கேட்டபோது, வளர்ந்தோர் அட்டைக்குச் சிறுவர் நூல் கொடுப்பதில்லை என்று அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே மறுத்தார். விதியை மீறச் சொல்லி அவரை நெருக்கவும் முடியாது. அதன்பின் பேரப்பிள்ளையின் அட்டையில் எடுத்தேன். என் வயதொத்த பலர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது பின்னர் தெரிந்தது. ஆகவே சில நூலகங்களில் தரம் மூன்று படிக்கும் பிள்ளைகள் வியக்கத்தக்க அளவில் மொழிபெயர்ப்பு இலக்கியம் வாசிப்பதாகப் பதிவேடு காட்டினால், அதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று நினைவூட்ட வேண்டும். என் தலைமுறைக்குச் சிறுவர் வாசிப்பு என்பது பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. 1947 இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வந்த பூந்தளிர், அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஆகியவை ஒருபுறம்; மொஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, தடித்த அட்டையும் நல்ல கட்டும் கொண்டு, எங்கள் தகப்பன்மாரால் வாங்கக்கூடிய விலையில் வந்த சோவியத் நூல்கள் மறுபுறம். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், முதல் வகையில் ஒரு பிரதி ஊருக்குள் வந்தால் அது அட்டை கழன்று போகும்வரை வீடு வீடாகச் சுற்றியது. இரண்டாவது வகையோ 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு வரவு நின்றது. உள்ளூரில் எழுதப்பட்டவை தொகையிற் குறைவு. அதனாலேயே அவை இன்னும் அரியவை. மஞ்சந்தொடுவாய் மாஸ்டர் சிவலிங்கம் மேடைகளில் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். அவர் மறைந்துவிட்ட நிலையில், அச்சில் வந்த அவருடைய சிறுவர் கதைகளையேனும் தேடி எடுத்து வைத்துவிட்டோமா என்று நாம் நம்மையே கேட்க வேண்டும்.

இங்கே ஒரு சட்ட விவரமும் உண்டு. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் அரசிடம் கையளிக்கப்பட வேண்டும். அவ்வாறு கையளிக்கப்பட்டவற்றைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடலாம். சென்னையிலும் மொஸ்கோவிலும் அச்சானவற்றை அந்தச் சட்டம் தொடாது. எனவே கல்லாற்றிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு காலத்துப் பிள்ளைகள் எதை வாசித்தார்கள் என்பதற்கான சான்று கொழும்பில் எந்தக் களஞ்சியத்திலும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் சிறுவர் பகுதியின் அடித்தட்டில், திகதி குத்திய தாளோடும் சபையின் முத்திரையோடும் இருப்பதே அந்தச் சான்று.

அந்தத் திகதித் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கும் கடையொன்றில், கச்சான் சுற்றுவதற்காகக் கட்டிவைத்திருந்த கட்டுகளிடையே, கழிக்கப்பட்ட நூலகப் பிரதியொன்று எனக்குக் கிடைத்தது. பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் ஊதா மையில் திகதிகள் நெருங்கி நெருங்கிக் குத்தப்பட்டிருந்தன; சில சரிந்தும் சில ஒன்றின்மேல் ஒன்றாகவும் விழுந்திருந்தன. 1988, 1989 ஆம் ஆண்டுகளில் அந்த நூல் இறாக்கைக்குத் திரும்பியதே அரிதாக இருந்திருக்க வேண்டும். வரிசை 1990 மே மாதத்தோடு நிற்கிறது. அடுத்த முத்திரை பல ஆண்டுகள் கழித்து, வேறொரு நிற மையில், தனியாக ஒன்று. போர் மீண்டும் வெடித்த அந்த யூன் மாதத்தில் இங்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நூலை மே மாதத்தில் எடுத்துச் சென்ற பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்பதையும் அந்தத் தாள்தான் சொல்கிறது.

நமது மாவட்டங்களில் வீட்டு நூல்கள் நிலைப்பதில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி கூரைகளை அள்ளிச் சென்றபின், நனைந்து ஊதிய நூல்களை எங்கள் தாயார் கிடுகு வேலியில் விரித்துக் காயவைத்தார். காய்ந்தபின் பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோலாகிவிட்டன. மிஞ்சியவற்றை இடப்பெயர்வுகளின்போது விட்டுவிட்டு ஓடினோம். பாயும் பானையும் எடுக்கவே நேரமில்லாதபோது எவர் கதைப்புத்தகத்தைத் தூக்குவார்? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கரையோர வீடுகளில் அதன்பின் சேர்த்தவற்றையும் கடல் கொண்டுபோயிற்று. இவையெல்லாவற்றுக்கும் அப்பால் கறையான் இருக்கிறது. அதற்கு ஆண்டு, திகதி கிடையாது. ஆகவே எமது பிள்ளைப்பருவ நூல்கள் எங்கேனும் எஞ்சியிருக்குமானால் அது பொது நூலகத்தில்தான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், அது முறையே. எடைக்குப் போகும் நூல்களுக்கு அப்படியொரு நாள் இல்லாததால், அவை போவதே நமக்குத் தெரிவதில்லை.

வளர்ந்தவர்கள் இவற்றை மீண்டும் வாசித்து ஆவதென்ன என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும்; நிதிக்குழுவில் நிச்சயம் கேட்பார்கள். பழைய நாட்களை எண்ணி ஏங்குவதற்குச் சபைப் பணம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ஒரு நூலைக் கொண்டு சொல்கிறேன்.

கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ என்ற குறுநாவலை என் வயதொத்த வாசகர் பலர் அறிவர். துய்ஷேன் என்ற இளைஞன் ஒரு மலைக்கிராமத்துக்கு வந்து, கைவிடப்பட்ட குதிரைலாயமொன்றைத் திருத்திப் பள்ளிக்கூடமாக்குகிறான். அல்தினாய் என்ற அநாதைச் சிறுமி அங்கே எழுத்தறிந்து, பின்னாளில் பெரிய கல்விமானாகிறாள். சிறுவயதில் நான் அந்த நூலில் கண்டது ஓடையை மட்டுமே. குளிரில் உறையும் நீரில் வெறுங்காலோடு இறங்கி, சின்னஞ்சிறுசுகளை முதுகிலும் கையிலுமாகத் தூக்கிக் கரைசேர்க்கும் ஆசிரியரை, மாரி வெள்ளத்தில் பிள்ளைகளைத் தோளிலேற்றிச் செல்லும் எங்கள் ஊர் ஆண்களோடு சேர்த்துப் பார்த்தேன். அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “வாசிகா புள்ள, கேட்பம்” என்று அவர் பாக்கு இடித்துக்கொண்டு கேட்டிருந்ததும் அந்தப் பகுதியைத்தான். அல்தினாய் தான் பொறுக்கிய சாணவரட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளிக்கூடத்துக் குளிருக்கு எரிக்கக் கொட்டிவிட்டு வரும் இடத்தில் அவர் இடிப்பதை நிறுத்தி, “அந்தச் சித்தி அடிக்கப் போறாள்” என்றார். சொன்னபடியே நடந்தது.

ஆசிரியையானபின் எனக்குக் கிடைத்த முதல் நியமனம் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில். குருக்கள்மடத்தில் பாதை என்று நாங்கள் சொல்லும் படகிலேறி அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து உள்ளே போக வேண்டும். காற்று மாறினால் பாதை தாமதிக்கும். வெள்ளம் வந்தால் பாடசாலையிலேயே தங்க நேரும். அக்காலத்தில் ஒரு நண்பரிடமிருந்து அந்நூலைப் பெற்று மீண்டும் வாசித்தபோது, பிள்ளைப்பருவத்தில் என் கண்ணில் படாத ஒன்று உறைத்தது. துய்ஷேனுக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். இலக்கணமும் அறியான், பாடத்திட்டமும் அறியான்; தான் அறிந்த அரைகுறையை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்தின் எதிரே நிற்கிறான். பயிற்சிக் கலாசாலையில் கற்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு, கரும்பலகைகூட இல்லாத வகுப்பில் நின்ற எனக்கு, அது ஆறுதலாகவும் அச்சமாகவும் இருந்தது. பிள்ளைக்கு அவன் எல்லாம் தெரிந்தவன். ஆசிரியைக்கோ அவன் தெரியாமையைத் தெரிந்துகொண்டே நின்றவன்.

ஓய்வுபெற்றபின் பேரப்பிள்ளையின் அட்டையில் எடுத்ததும் இதே நூல்தான். இம்முறை மனத்தில் தங்கியது அதன் தொடக்கம். கிராமத்தில் புதிய பாடசாலை திறக்கிறார்கள். பெரியவர்களும் விருந்தினரும் விருந்தில் அமர்ந்திருக்கிறார்கள். கிழவராகிவிட்ட துய்ஷேன் இப்போது தபால்காரர், வாழ்த்துத் தந்திகளை நேரத்துக்குச் சேர்ப்பிக்கக் குதிரையில் விரைந்து வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே இருப்பவர்கள் அவருடைய பழைய பள்ளிக்கூடத்தை நினைத்துச் சிரிக்கிறார்கள். சிறுவயதில் கதை தொடங்குமிடத்தைத் தேடி நான் தாண்டிச் சென்ற பக்கங்கள் இவை. தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்ததால் பிள்ளையின் பொறுமைக்கு அவை எட்டவில்லை. நம் பிரதேசத்தில் கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கி, இன்று இரண்டு மாடிக் கட்டடங்களோடு நிற்கும் பாடசாலைகள் எத்தனையோ உள்ளன. திறந்துவைத்த பிரமுகர்களின் பெயர் கல்லில் இருக்கிறது, கொட்டிலில் முதன்முதலாக நின்றவரின் பெயர் பல இடங்களில் இல்லை. அந்நூலை மூன்றாம் முறை வாசித்திராவிட்டால் இக்கற்களை நான் இந்தக் கண்ணோடு வாசித்திருக்க மாட்டேன். நூல் மாறவில்லை, அதே கதைதான். மூன்று வயதுகளில் மூன்று பகுதிகளை அது எனக்குக் கொடுத்தது. இதில் இரண்டு பங்கை வாசகருக்கு மறுத்துவிட்டு, ஒரு பங்கு முடிந்ததும் நூலைக் கழிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

எல்லா மறுவாசிப்பும் இவ்வளவு பாரமானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்புக்கை மாயாவியை நானும் என் தம்பியும் அண்மையில் மீண்டும் எடுத்தோம். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் மிதந்து வரும் கட்டங்களைப் பார்த்துப் பழையபடி மகிழ்ந்தோம். அதற்குமேல் அதில் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சித்திரக்கதைகளைத் தம்பி முதலில் வாசித்தது காத்தான்குடி நண்பர்களிடம் இரவல் வாங்கி. தமிழர் வாழும் ஆரையம்பதிக்கும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் இடையிலான எல்லையைத் தாண்டி இரு பக்கமும் பிரதிகள் போய்வந்தன. 1990 இன் வன்செயல்களின் பின் போகவும் இல்லை, வரவும் இல்லை. இரு ஊர்களிலும் அந்தத் தலைமுறை இன்று தலைநரைத்து நிற்கிறது. ஒரே கதையை ஒரே பிரதியில் வாசித்தவர்கள் என்ற உறவு அவர்களிடம் இன்னும் மிச்சமிருக்கிறது, பிரதிகள்தாம் இல்லை.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடிய பாடலை ஆரம்ப வகுப்பில் மனனம் செய்யாதவர்கள் என் தலைமுறையில் அரியர். கூலி வாங்காமல் இரவும் பகலும் காவல் நிற்கும் சேவகனாக வெருளியைப் புகழ்ந்து பாடும் அந்தப் பகடி, பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும். 1990களின் நடுப்பகுதியில் அதை நான் வகுப்பில் படிப்பித்தபோது சிரிப்பு வரவில்லை. பாடசாலைக்கு வரும் வழியில் காவலரண்களைத் தாண்டி வரும் பிள்ளைகளுள் ஒருத்தி எழுந்து, “அவருக்கும் ஐடென்டிக்காட் காட்டணுமா டீச்சர்?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகப் பதிலுக்குக் காத்திருந்தது. வேண்டாம், அவர் காகத்தை மட்டும்தான் மறிப்பார் என்றேன், அப்போதுதான் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோர். அவர்கள் அந்தப் பாடலைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து மீண்டும் வாசிக்கும்போது என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல் உண்டு. அந்தப் பழைய பாடநூலோ பாடல் தொகுதியோ அவர்கள் கைக்கு எட்டினால்தானே!

பழையவை எல்லாம் பொன் என்று நான் வாதாட வரவில்லை. மறுபடி வாசிக்கையில் மனம் சுளிக்க வைக்கும் கதைகள் பல உண்டு. அழகற்றவன் கள்வனாகவும், கறுத்தவன் அசுரனாகவும், கணவனுக்காக எதையும் இழப்பவளே உத்தமியாகவும் வருவதைப் பிள்ளையாக இருந்தபோது கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோம். அம்புலிமாமாவில் வேதாளம் கேட்கும் கேள்விகளுக்கு விக்கிரமாதித்தன் சொல்லும் தீர்ப்புகள் சிறுவயதில் அசைக்க முடியாதவையாகத் தோன்றின. இப்போது பாதி இடங்களில் அரசனோடு எனக்கு வழக்கு. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுவதை நினைத்து அக்காலத்தில் எரிச்சல்பட்டேன், இன்றோ அந்தத் தீர்ப்புக்கு அதுவே தக்க பதில் என்று படுகிறது. (சங்கர் என்ற பெயரில் அறியப்பட்ட ஓவியர் கே.சி. சிவசங்கரன், தோளில் சடலமும் கையில் வாளுமாக நடக்கும் அரசனை வரைந்த விதத்தில் மட்டும் எனக்கு எந்த வழக்கும் இல்லை.)

கொடுமைக்காரச் சிற்றன்னைக் கதைகள் இவற்றுள் தனி வகை. கடற்கோளுக்குப் பின் கரையோரப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த வகுப்பில், தாயை இழந்து, தகப்பன் மறுமணம் செய்துகொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் ‘சின்னம்மா’ என்று அழைக்கப் பழகிக்கொண்டிருந்த பெண்கள், தங்கள் குழந்தைகளையும் கடலுக்குக் கொடுத்தவர்களாக இருந்தார்கள். அந்நாட்களில் வகுப்பறைக்கு நன்கொடையாக வந்த கதைத்தொகுதிகளை இரவில் வீட்டில் முழுதாக வாசித்துப் பார்த்து, சிற்றன்னை பிள்ளையைக் காட்டில் விட்டுவரும் கதைகளை ஒதுக்கிவிட்டே மறுநாள் எடுத்துச் செல்வேன். பிள்ளைகளின் நூல்களை வளர்ந்தவர்கள் மீண்டும் வாசிக்க வேண்டியதன் தேவை இதைவிடத் தெளிவாக எனக்கு எப்போதும் புலப்பட்டதில்லை. எந்தக் கதையை எந்தப் பிள்ளைக்கு எப்போது கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய தாய்க்கும் ஆசிரியருக்கும், “சிறுவர் அட்டைக்கு மட்டும்” என்று சொல்லி அதே நூலை மறுப்பது எவ்வகையில் பொருந்தும்? ஒதுக்க வேண்டிய கதைகளையும் ஒதுக்கிவைத்துப் பாதுகாக்க வேண்டும் என்றே கேட்கிறேன். எதைக் கேட்டு வளர்ந்தோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பவர்கள் நூற்பிரியர்கள் மட்டுமே என்றும் எண்ணிவிடாதீர்கள். மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாகப் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய ஒருவர், பிள்ளைகளின் சிறுபராயத்தை அருகிலிருந்து காணாதவர், தான் சிறுமியாக வாசித்த கதையொன்றை மகளின் பிள்ளைக்காவது தானே வாசித்துக் காட்ட வேண்டும் என்று என்னிடம் அதன் பெயரைக் கேட்டு வந்தார். பெயர் அவருக்கு நினைவில்லை. நரியும் பூசணிக்காயும் வரும், அட்டை பச்சை நிறம் என்றார். இப்படிக் கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கக்கூடியவர், அந்த இறாக்கையோடு பழகிய நூலகர் ஒருவரே. கணினியில் எந்தச் சொல்லை அடித்துத் தேடுவது?

இனி, செய்யக்கூடியவை. சிறுவர் பகுதிக்குள் அந்நிய வளர்ந்தோர் வந்து அமர்வதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள். அது சரியான தயக்கம். ஆகவே பழைய சிறுவர் நூல்களை உசாத்துணைப் பகுதியில், நூலகர் பார்வையில் படும் ஒரு தனி அலுமாரிக்கு மாற்றினால் போதும். இரண்டு பிரதிகள் இருக்குமானால் ஒன்றை வளர்ந்தோர் அட்டைக்கு இரவலாகக் கொடுக்கலாம், ஒன்றே இருந்தால் அங்கேயே அமர்ந்து வாசிக்கட்டும். ஒரு சபையிடம் இல்லாதது அடுத்த சபையிடம் இருக்கும். களுவாஞ்சிகுடியிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் காரைதீவிலும் சம்மாந்துறையிலும் உள்ள நூலகங்கள் தத்தம் பழைய சிறுவர் நூல்களின் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், இரு மாவட்டங்களுக்குமாக ஒரு முழுமையான சேர்க்கை கிடைத்துவிடும். பூஞ்சணம் பிடித்த நூல் மற்றவற்றையும் கெடுக்கும் என்ற கவலைக்கு, அத்தகையவற்றை உறையிட்டுத் தனியே வைப்பதும், படியெடுத்துவிடுவதுமே மருந்து. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தோடு பேசினால் வழி பிறக்கும்.

பதிப்புரிமை பற்றிய அச்சத்தில் எதையும் தொடாமல் இருப்பதும் தேவையற்றது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டுகள் வரையே அவ்வுரிமை நிலைக்கும். சோமசுந்தரப் புலவர் மறைந்தது 1953 இல். அவருடைய சிறுவர் பாடல்களை எந்தச் சபையும் இன்று எவரிடமும் கேளாமல் மறுபதிப்புச் செய்து தன் சிறுவர் பகுதிக்குக் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு உரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் கொடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் நீங்கள் நடத்தும் போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பேச்சு, கட்டுரை, சித்திரம் என்று எல்லாம் பிள்ளைகளுக்கே வைத்து, வளர்ந்தவர்களைப் பரிசளிப்பு விழாவின் கதிரைகளில் அமர்த்திவிடுகிறீர்கள். பிள்ளை பார்க்க நாம் வாசிக்காமல், வாசி வாசி என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதை வகுப்பறையில் பார்த்துச் சலித்தவள் நான். அந்த மாதத்தில் ஒரு பிற்பகலில், ஊரவர் சிலரை அழைத்துத் தாம் சிறுவயதில் வாசித்த நூலை மறுபடி வாசித்து அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். மீனவர் வரட்டும், முச்சக்கரவண்டி ஓட்டுநர் வரட்டும், தவிசாளரும் வரட்டும். எந்த நூலைக் கொண்டுவருவீர்கள் என்பதை அறிய வாக்காளர்களுக்கும் ஆவலாக இருக்கும்.

உடனடியாகக் கேட்பது ஒன்றுதான். இவ்வாண்டுக் கணக்கெடுப்பில் சிறுவர் பகுதியிலிருந்து கழிப்பதற்கெனத் தெரிவுசெய்யப்படும் நூல்களின் பட்டியலை, சபையின் அனுமதிக்குச் சமர்ப்பிக்கும் முன், ஒரு மாத காலம் நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டிவையுங்கள். முடியுமானால் நூல்களையும் அதுவரை வாசிகசாலை மேசையொன்றில் வையுங்கள். எது ஒரே பிரதி, எது வேறெங்கும் கிடைக்கும், எது உண்மையாகவே கழிய வேண்டியது என்று பிரித்துக் காட்ட, என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரு மாவட்டங்களிலும் ஆயத்தமாக இருக்கிறோம். எங்களுள் சிலருக்கு நூல் தைக்கவும் அட்டை கட்டவும் தெரியும். நூலும் ஊசியும் பசையும் எங்கள் செலவு. மேசையும் மின்விசிறியும் உங்கள் உபயம். சனிக்கிழமை காலைகளில் வர முடியும். எந்த நாள் என்பதை நூலகர் குறித்துச் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஆரையம்பதி.